டபுள் சிக்னல் எரியும் நேரம்

வாரத்தில் மூன்று நாள் என் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் அந்த நிலையம் இருக்கிறது. வாசலில் கார் நிறுத்த இடம் கிடைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நடுத்தெருவிலேயே இரண்டு பக்க விளக்கும் மினுங்கும் டபுள் சிக்னலைப் போட்டு நிறுத்திவிட்டு, சுற்றி வந்து அவள் பக்கக் கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கி, உள்ளே உட்காரவைத்துவிட்டுத் திரும்பி ஓடி வரவேண்டும். அதற்குள் பின்னால் நிற்கிறவன் ஹார்னில் கையை வைத்து உயிரை வாங்குவான். வாங்கட்டும். பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் காலமெல்லாம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு இது இன்னொரு ஷிப்ட். இதில் லீவு போட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு நாள் கொட்டுகிற மழை. அவள் ஒரு காலைக் கீழே வைத்திருந்தாள். பின்னால் வந்த வேன் கிறீச்சென்று பிரேக் பிடித்து, எங்கள் பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. சிக்னலே தெரியவில்லை என்று வேன்காரர் மலாயில் கத்தினார். அவர் சொன்னதும் நியாயம்தான். எங்கள் காருக்கும் வயதாகிவிட்டது, பல்பும் மங்கிப்போயிருந்தது. என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள்.

அவள் தம்பி ஜுருவில் காருக்கு லைட்டு, சீட்டு உறையெல்லாம் மாட்டும் கடையில் வேலை பார்க்கிறான். விஷயத்தைக் கேட்டதும், "எல்இடி போட்டுருவோம் மச்சான். பட்டப்பகல்லயே கண்ணு கூசும் லா," என்றான். போட்டான். கண் கூசத்தான் செய்தது. ஆனால் சிக்னல் பேய் பிடித்த மாதிரி படபடவென்று அடித்தது. எல்இடி இழுக்கிற கரண்ட் மிகவும் குறைவு. சிக்னலை விட்டு விட்டு எரியவைக்கும் பழைய ரிலே அதைப் பார்த்து, பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வேகமாக அடிக்கும். அதை ஏமாற்ற ஒவ்வொரு விளக்கு வயரிலும் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துக் கரண்டை வீணாக்குவார்கள். வீணாகிற கரண்ட் அத்தனையும் சூடாகிவிடும். தொழிற்சாலையில் இந்தச் சாமானோடு குடும்பம் நடத்தியவன் நான்.

"இது சுடுமேப்பா, எங்க வைக்கப் போற?" என்று கேட்டேன்.

"பாடியில ஓட்ட போட்டா துரு புடிக்கும் மச்சான். உள்ள பிளாஸ்டிக்லயே டேப்பு போட்டு ஒட்டிடறேன். முனையில திரும்புற நேரந்தானே சிக்னல் எரியப் போவுது?"

அன்றைக்கு அவள் சிகிச்சை முடிந்து வந்து வாந்தி எடுத்துவிட்டுப் படுத்திருந்தாள். எனக்கு வாதாடத் தெம்பில்லை. சரி, ஒட்டு என்றேன்.

பல மாதம் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு ஒரு காலை, அவளை உள்ளே விட்டுவிட்டு வந்து காரில் ஏறினால் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓடிப்போய்ப் பின் மூடியைத் திறந்தேன். விளக்குக்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் உருகி ஓட்டை விழுந்திருந்தது. ரெசிஸ்டர் வயரில் தொங்கியது. புத்தி கெட்டுப்போய் அதைத் தொட்டேன். விரல் கொப்புளித்துவிட்டது. மச்சினனை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன்.

திட்டி முடித்த பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. அதே ரெசிஸ்டர், அதே டேப்பு, அதே வாசல். இத்தனை மாதம் உருகாதது இன்றைக்கு ஏன் உருகியது?

டபுள் சிக்னல் எரியும் நேரம்தான் மாறியிருந்தது. ஆரம்பத்தில் அவள் தானே கதவைத் திறந்து இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவாள். இப்போது ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்குகிறாள். மறு காலை வைத்ததும் தலைசுற்றல் நிற்கும்வரை காரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாசல்படியில் மறுபடியும் நிற்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக நீண்டிருக்கிறது. கூடவே இருந்த எனக்கு அது தெரியவில்லை. நடுத்தெருவில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி அழைத்து வரும்போது, "என்னங்க கருகுது?" என்றாள்.

"உன் தம்பி ஒட்டின லட்சணம்."

வீட்டுக்கு வந்து பின் மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். உருகிய ஓட்டையின் விளிம்பை விரலால் தடவினாள். பிறகு, "நான் இறங்க லேட்டாவறதாலதானே?" என்றாள்.

"ச்சே, டேப்பு மட்டம் லா."

"உங்களுக்குப் பொய் சொல்லவே வரல," என்றாள்.

வேறு வழியில்லாமல் அதே ரெசிஸ்டரைப் பிளாஸ்டிக்கிலிருந்து தள்ளிக் கட்டி, அடுத்த முறையும் போனோம். கதவைத் திறந்ததுதான் தாமதம், "லைட்டு சூடாவுது, விடுங்க, விடுங்க," என்று அவளாகவே விறுவிறுவென்று நடந்தாள். வாசல்படி தடுக்கியது. "மாதாவே!" என்று கத்திக்கொண்டு விழப்போனவளை இடுப்பில் பிடித்தேன். முழங்கால் சிராய்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து மருந்து போடும்போது, "இனிமே நான் போவலங்க. எனக்கும் போதும், உங்களுக்கும் போதும்," என்றாள். போகாவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கடைக்குப் போக வேண்டாம் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

மச்சினனைப் போனில் பிடித்தேன். "எல்லா ரெசிஸ்டரையும் கழட்டு. ரிலேயை மாத்து."

"பழைய காடி மச்சான், எல்இடிக்கு ஏத்த ரிலே தேடணும். ரெசிஸ்டர இரும்புல நல்லா முடுக்கித் தரேன், ஒண்ணும் ஆவாது."

"இரும்புல வச்சாலும் சுடத்தான்டா செய்யும். உங்க அக்கா அதையே நெனச்சிட்டு இறங்குவா. விழுவா. புரியுதா இல்லையா?"

அவன் போனை வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் பிளாட்டுக்கு வந்தபோது, கீழே ரிலேயோடு காத்திருந்தான். எங்கே தேடினான் என்று நான் கேட்கவில்லை. அவன் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைவிட்டு ரிலேயை மாற்றினான். நான் ரெசிஸ்டர்களை வெட்டி எடுத்தேன். டபுள் சிக்னலைப் போட்டுவிட்டு, மூவரும் தே தண்ணி குடித்து முடிக்கும்வரை அப்படியே எரியவிட்டோம்.

"தொட்டுப் பாரு," என்றேன்.

அவள் விளக்குக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எடுக்காமல் வைத்திருந்தாள். "சரி, நாளைக்குப் போலாம்," என்றாள்.

மறுநாள் வாசலில் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சூடாவாதுல்ல?"

"ஆவாது. நீ மெதுவா வா."

பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். "இருப்பா, வர்றேன்ல," என்று அவனைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு, காரைப் பிடித்தபடி நின்றாள். படியில் நின்றாள். கதவிலும் நின்றாள். அவள் இவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை. உள்ளே உட்காரவைத்துவிட்டு வந்து பின் மூடியைத் திறந்து தொட்டேன். சில்லென்று இருந்தது. அவள் நேரம் நீளுவதை இனி இந்தக் கார் எனக்குச் சொல்லாது. நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.