எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு டம்ளர் கஞ்சி

எங்கள் படிப்பகத்தைப் பார்க்க வருகிறவர்கள், மத நல்லிணக்கத்துக்காகக் கட்டினீர்களா என்று கேட்கிறார்கள். தலையாட்டி வைக்கிறேன். மற்றவர்கள் அதற்காகத்தான் கட்டினார்கள். நான் வஞ்சம் தீர்க்கக் கட்டினேன்.

கல்யாணமான புதிதில் நாமக்கல்லில் வாடகைக்கு வீடு தேடினோம். இப்போது படிப்பகத்துக்கு எதிரே இருக்கிறதே, அந்த வீட்டின் மாடி காலியாக இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர். மோர் கொடுத்தார், ஊர் நிலவரம் பேசினார், மாடிச் சாவியைக்கூட எடுத்துவிட்டார். அப்புறம்தான் என் வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டார். சாவி சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"தப்பா நெனைக்காதீங்க. எங்கூட்டுல கறி வாசம் ஆகாதுங்க."

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் வீட்டு மட்டன் குழம்பு வாசம் தெருமுனை வரை எங்களை வழியனுப்பியது. என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பல வருஷம் கழித்து, எல்லா ஜனங்களும் வந்து போகிற மாதிரி ஒரு படிப்பகம் கட்டலாம் என்று எங்கள் ஜமாஅத்தில் முடிவானது. நான் பள்ளி ஆசிரியை என்பதால் என்னையும் இடம் பார்க்கச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிவாசல் பக்கமே போதும் என்றவர்களிடம், பஸ் வசதி, காற்றோட்டம் என்று ஆயிரம் சொல்லி இந்த மனையை வாங்க வைத்தேன். தினமும் அவர் கதவைத் திறந்தால் எங்கள் திறந்த கதவு கண்ணில் பட வேண்டும். அதுதான் காரணம்.

வாசலில் யாரையும் பெயர் கேட்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். உள்ளே நூலகம், தையல் வகுப்பு, அரசுத் தேர்வுக்குப் படிக்க மேஜைகள். நோன்பு மாதத்தில் வந்தவர்களுக்கெல்லாம் சாயங்காலம் கஞ்சி. கறி போடாத கஞ்சி. சைவக்காரர்களுக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

போன நோன்பில் அவரே வந்தார். அவர் மருமகள் இங்கேதான் தேர்வுக்குப் படிக்கிறாள். அவளைக் கூப்பிட வந்தவரைக் கஞ்சி நேரம் உட்கார வைத்தது. அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. பழையதைவிட அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

இரண்டு வாய் குடித்தார். "அருமையா இருக்குதுங்க. கொஞ்சம் கறி போட்டா இன்னும் எடுப்பா இருக்குமுங்களே" என்றார்.

"எதுத்த ஊட்டுல கறி வாசம் ஆகாதுன்னு சொன்னாங்க. அவுங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதானுங்க போடறதில்லை" என்றேன்.

டம்ளர் உதட்டருகே நின்றது. திரும்பித் தன் வீட்டு மாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மருமகள் புத்தகத்தை மூடிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் எழப்போனார். கஞ்சியை மிச்சம் வைக்கக் கூடாது என்று சொல்லி, டம்ளர் வழிய இன்னும் ஊற்றினேன். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றேன்.