ஒன்பதாம் மாடியில் மிக்கேல்

ஒரு பூனைக்காக யாராவது மூன்று மாதம் கெஞ்சுவார்களா? மலேசியாவின் பினாங்கில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடிக்காரி அமலம்மாள் கெஞ்சினாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகுட்டி இல்லை. பள்ளிக்கூடக் கேண்டீனில் தட்டு கழுவிவிட்டு வந்தால், வீட்டில் பேச ஒரு சீவன் வேண்டும் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

சூலியா தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ரொஸ்னா, தெருப்பூனைகளைப் பிடித்து வைத்தியம் பார்த்து, நல்ல வீடாகத் தேடிக் கொடுப்பவள். பெண் கொடுக்கிற வீட்டார்கூட அத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். முதல் நாளே அமலம்மாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"பூனைன்னா நாலு எடம் சுத்திட்டுத்தானே வரும்?"

"ஒன்பதாம் மாடியில எங்கக்கா சுத்தும்? கீழ கார் பார்க்குல எத்தனைய அள்ளியிருக்கேன் தெரியுமா? ஜன்னலுக்கெல்லாம் வலை போடுங்க, அப்புறம் பேசுவோம் லா."

போட்டாள். சமையலறைச் சந்துபொந்தைக்கூட விடவில்லை. ரொஸ்னா நேரில் வந்து, ஒவ்வொரு வலையையும் விரல் விட்டு இழுத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் வால்நுனி மடங்கிய அந்தப் பழுப்புப் பூனை வந்தது. அமலம்மாள் அதற்குத் தேவதூதர் மிக்கேலின் பெயரை வைத்தாள்.

"சம்மனசு பேரையா பூனைக்கு வெப்பாங்க?" என்று சிரித்தார் ஆர்தர். அந்த வட்டாரத்து ஜெபமாலையை நடத்துகிறவர் அவர்.

ஜெபமாலை மாதமான அக்டோபரில் மாதா சுரூபம் வீட்டுக்கு வீடு போகும். மாதா வந்த வீட்டில் வாசற்கதவு விரியத் திறந்திருக்க வேண்டும், கடைசிப் பாட்டு முடியும்வரை சாத்தக்கூடாது. அமலம்மாளுக்கு இது தெரியாதா என்ன? அவள் வீட்டு முறை வந்த அன்று, ஆட்கள் வருமுன்பே மிக்கேலை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஜெபமாலை முடிந்து ஆர்தர் தீர்த்தம் தெளிக்க எழுந்தபோது, பாழாய்ப்போன ஆசை ஒன்று வந்தது. மாதா ஆசீர்வாதம் மிக்கேல் மேலும் விழட்டுமே! அறைக்கதவை அவளே திறந்தாள்.

தீர்த்தம் பூனையின் முகத்தில் பட்டது. அதே நேரம் கூடத்தில் இருபது பேர் உரக்கப் பாட ஆரம்பித்தார்கள். மிரண்டுபோன மிக்கேல் கால்களுக்கிடையே பாய்ந்து, வாசலைத் தாண்டி, நடைபாதைக் கைப்பிடிச் சுவரில் ஏறிவிட்டது.

"மிக்கேலு, வேணாண்டா கண்ணு!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். அவள் ஓடி வந்த வேகத்தில் அது இன்னும் மிரண்டது. குதித்தது.

லிஃப்டில் இறங்கி அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பின்னாலேயே வந்த ஆர்தர் அவள் தோளைத் தொட்டார்.

"மாதா சித்தம்மா."

"மாதா தலையில போடாதீங்கண்ணே! கதவத் தொறந்தது நானு."

சேதி கேட்டு வந்த ரொஸ்னாவிடமும் அதையே சொன்னாள். ரொஸ்னா திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவளும் சேர்ந்து அழுதாள்.

இரண்டு வாரம் கழித்து ரொஸ்னா மறுபடி வந்தாள்.

"தப்பு யாருக்கும் நடக்கும்க்கா. கடையில ஒரு குட்டி இருக்கு. ஒங்ககிட்டன்னா கண்ண மூடிக்கிட்டுக் குடுப்பேன். கொண்டாரவா?"

அமலம்மாள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"வேணாம் ரொஸ்னா. அந்தக் குட்டியாச்சும் உசுரோட இருக்கட்டும்."