கையெழுத்துப் போடாத கொழுந்தியாள்

லிஃப்ட் மெக்கானிக்கின் கணையத்தில் புற்றுநோய், இனிச் சில மாதங்கள்தான் என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில் அவருடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மருத்துவ மேதைகளாகிவிட்டார்கள். சித்தப்பா மகன் ஓர் இலைச்சாறு கொண்டுவந்தார். அதைக் குடித்தால் ஆபத்து என்று பெரியம்மா மருமகள் வேறொரு சாறு கொண்டுவந்தார். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கையை வீசிக்கொண்டு வந்தார். "நாம போராடுவோம் மாப்ள" என்று சொல்லி, சோபாவில் சாய்ந்து போராடத் தொடங்கினார்.

மெக்கானிக் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறியவர். "மோட்டாரே போயிடுச்சு. கதவுக்குப் பெயிண்ட் அடிச்சு என்ன ஆகப்போகுது?" என்றார். வலியைக் குறைக்க வீட்டுக்கே வரும் நர்ஸ் ஒருவரைத் தானே தேடிப் பிடித்தார்.

நர்ஸ் மருந்தோடு ஒரு படிவமும் கொண்டுவந்தார். குழாய் வேண்டாம், மூச்சு இயந்திரம் வேண்டாம், என் கட்டிலிலேயே இருக்கிறேன் என்று அதில் எழுதலாம். அவரால் பேச முடியாதபோது அவருக்காகப் பேசப்போகிறவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

"பாசம் இருக்கிறவங்க பத்தாது சார். நீங்க சொன்னதை மாத்தாம சொல்றவங்க வேணும்" என்றார் நர்ஸ்.

வந்தது வினை. அந்த வீட்டில் பாசத்துக்குப் பஞ்சமே கிடையாது. மனைவி பேனாவை எடுத்தார். படிவம் கண்ணீரில் நனைந்து, நர்ஸ் புதிதாக ஒன்று கொண்டுவர வேண்டியதாயிற்று. மகன், "அப்போதைய நிலைமையைப் பார்த்துக்கலாம்பா" என்றான். ஆபீசில் மேனேஜர் ஆனதும் இப்படிப் பேசித்தான். மச்சான், "இதுல கையெழுத்துப் போட்டா நானே உன்னைக் கொன்ன மாதிரி" என்று சொல்லி, இன்னொரு காபி கேட்டார்.

மெக்கானிக்கின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குழிக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, 'வேலை நடக்கிறது, தொடாதே' என்ற பலகையை மாட்டுவார். எவர் வந்து கெஞ்சினாலும் சுவிட்சைப் போடக்கூடாது. மாட்டியவரே கழற்ற வேண்டும்.

மூன்று நாள் யோசித்து மனைவியிடம் சொன்னார்: "உன் தங்கச்சிய வரச் சொல்லு."

நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்றே மனைவி நினைத்தார். கொழுந்தியாளோடு அவருக்குப் பதினொரு வருடமாகப் பேச்சில்லை. அந்த அம்மாள் தன் அடுக்ககத்துக்குச் செயலாளர். அங்கே இவர் பொருத்திய லிஃப்ட், தரைமட்டத்துக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. வேலை முடிந்தது என்று இவர் கையெழுத்துக் கேட்டார். மாட்டேன் என்றார் கொழுந்தியாள். அக்கா அழுதார், அண்ணன் கத்தினார், மொத்தக் குடும்பமும் வரிசையில் நின்று கெஞ்சியது. அசையவில்லை.

"அதான் வேணும்" என்றார் மெக்கானிக்.

கொழுந்தியாள் வந்தார். நலம் விசாரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தின் இரண்டு பக்கமும் படித்தார்.

"மூணாவது வரியில 'தேவைப்பட்டால் மருத்துவமனை'ன்னு இருக்கு. யாருக்குத் தேவைப்பட்டால்?"

மச்சான் சோபாவில் நெளிந்தார். அந்த வரியை அடித்து, 'வலி வீட்டில் அடங்காவிட்டால் மட்டும்' என்று எழுதவைத்த பிறகே கொழுந்தியாள் பேனாவைத் திறந்தார்.

"போட்டுட்டியே" என்றார் மெக்கானிக்.

"இது சரியா இருக்கு அத்தான். அன்னைக்குச் சரியா இல்ல."

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் அவருக்கு மூச்சு வாங்கியது. மச்சான் போராட்டத்தின் உச்சமாக ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். ஸ்ட்ரெச்சர் வாசலுக்கு வந்தபோது அறைக்கதவில் அந்தப் பழைய பலகை தொங்கியது. அதன் முன்னால் கொழுந்தியாள், கையில் படிவத்தோடு.

"உனக்கு ஈவு இரக்கமே இல்லையா?" என்றார் மச்சான்.

"இருக்குண்ணே. அதான் நிக்கிறேன். நர்ஸ் வந்துட்டிருக்காங்க, நீ உட்காரு."

ஆம்புலன்ஸ்காரர்கள் படிவத்தைப் படித்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், ஸ்ட்ரெச்சரை மடித்தார்கள். நர்ஸ் சொல்லிவைத்திருந்த மருந்தைக் கொழுந்தியாள் அளந்து கொடுத்தார். நர்ஸ் வருவதற்குள் மூச்சு தணிந்திருந்தது.

மெக்கானிக் கண்ணைத் திறந்தார். "உங்க லிஃப்ட் இப்பவும் தூக்கித்தான் நிக்குதா?"

"நிக்குது. தினமும் தடுக்குறேன்."

அவர் சிரித்தார். மனைவியும் சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு குழாயும் இல்லாமல், தன் கட்டிலில் அவர் போய்ச் சேர்ந்தார். மச்சான் அழுதுகொண்டே பலகையைக் கழற்றப் போனார். மனைவி அவர் கையைப் பிடித்தார்.

"நீ தொடாதேண்ணே. மாட்டினவ வரட்டும்."