சலாமுக்குப் பதில் சொல்லாமல் விலை சொல்வதா

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது ஐந்து, மவுத்தாகிக் கண்மூடிய தங்கையின் பிள்ளையோடு வளர்த்தது ஆறு. எல்லாரையும் ஆலங்குடாக் கரையில் கருவாடு போட்டே ஆளாக்கினேன். என் கருவாட்டில் மணல் கடிபடாது. தடி கட்டி உயரத்தில்தான் காய வைப்பேன்.

அதை வழமையாக வாங்கிய சிலாபத்து முதலாளி போன வருடம் கடையை மூடிவிட்டார். வீட்டில் எட்டு மூட்டை கட்டா மீன் கருவாடு தேங்கிவிட்டது. மழை தொடங்கினால் பூஞ்சணம் பிடித்து அத்தனையும் பாழ். அதைப் பார்த்த பேத்தி, போனில் உள்ள ஒரு கருவாட்டு வியாபாரிகள் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டாள். எழுத்துக் கூட்டி எழுத எனக்கு அரை நாள் போகும். குரலில் பேசி அனுப்பலாம் என்றாள்.

விடிந்து பார்த்தால் வரிசையாகச் சலாம். ஒருவர் சலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை. விலையைப் பிறகு பார்க்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சலாம் சொல்லி, வீட்டில் எல்லாரும் சுகமா என்றும் கேட்டேன். மதியம் லுஹர் பாங்கு சொல்லும்வரை அதே வேலை.

குரூப்பை நடத்தும் தம்பி எனக்குப் போன் எடுத்தார்.

"ராத்தா, இது யாவார குரூப். காலையில இருந்து உங்கட குரல் மட்டும்தான் கேக்குது!"

"அப்ப சலாமுக்குப் பதில் சொல்லாம விலை சொல்றதா தம்பி?"

"இன்னொருக்கா செய்தீங்க எண்டா வெளியில போட்டுருவன்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த நாள் வாயே திறக்கவில்லை. மூட்டைகள் அப்படியே கிடந்தன. வானமும் கறுத்துக்கொண்டு வந்தது.

பின்னேரம் அஸர் தொழுது எழும்ப, தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். மாத்தளையில் கடை வைத்திருக்கிறாளாம்.

"நேத்து எங்கட உம்மாவ சுகம் விசாரிச்சீங்களே ராத்தா. இண்டைக்குக் குரலக் காணல்ல. உடம்புக்கு ஏலாதோ எண்டு எடுத்தன்."

அவள் உம்மாவுக்கு நீரிழிவு, மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். எல்லாம் கதைத்து முடிக்க ஒரு மணித்தியாலம் போனது. கடைசியில்தான், "நீங்க என்ன ராத்தா விக்கிறீங்க?" என்று கேட்டாள். எட்டு மூட்டையும் தனக்கே வேண்டும் என்றாள். விலை சொல்ல மறந்து போனை வைத்துவிட்டேன். பேத்தி தலையில் அடித்துக்கொண்டு திரும்ப எடுத்துத் தந்தாள்.

லொறி வந்து ஏற்றிப் போன மறுநாள்தான் மழை.

குரூப் தம்பி விடவில்லை, திரும்பவும் போன் எடுத்தார். "ஒரு போட்டோவும் போடாம எல்லாத்தையும் வித்துட்டீங்களாமே! எப்படி ராத்தா?"

"அத விடுங்க தம்பி. உங்கட உம்மா சுகமா?"

தம்பி தன் உம்மாவின் முழங்கால் வலிக் கதையைத் தொடங்கினார். எனக்குத் தேநீர் ஆறிப்போனது, அவர் நிறுத்தவில்லை.

இவ்வளவையும் நானே என் கையால் எழுதினேன். பேத்தி மகள், இந்தா நான் எழுதின கொப்பி. அவசரப்படாம ஆறுதலா வாசி பாப்பம். அந்தத் தம்பி என்னை வெருட்டின இடத்தை மட்டும் நல்லாச் சத்தமா வாசி.