ஊர்க்காவலன் பூட்டிய கேரியர்

நல்லசிவத்தின் சைக்கிள் கடைக்கு ஊர்க்காவலன் முதன்முதலாக வந்தபோது செருப்பை வெளியில் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். விருதுநகரில் யாரும் அந்தக் கடைக்குள் அப்படி நுழைந்ததில்லை. தரை முழுக்க கிரீஸும் கம்பித் துண்டுகளும்.

"அண்ணாச்சி, செருப்ப மாட்டிட்டு வாங்க. கால்ல எதும் ஏறிச்சுன்னா அதுக்கும் நான்தான் ஊசி போட்டு விடணும்" என்று நல்லசிவம் உள்ளிருந்து கத்தினார்.

அவர் திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வந்தார். டியூப் வாங்கப் போன நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு வயது, ஒல்லியான உடம்பு, காதோரம் மட்டும் நரை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்கும் பழக்கம்.

அவர் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். இருபத்து மூன்று வருஷமாக அதே வேலை. கலவை அறைக்குள் செருப்பு கிடையாது, சாவி கிடையாது, செல்போன் கிடையாது. வாசலில் இருக்கும் செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே சல்லடை பித்தளை, அகப்பை மரம். இரும்பு ஒரு குண்டூசி அளவுகூடக் கிடையாது. இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதை அவருடைய மூளையைவிட அவருடைய கைகள் நன்றாக அறிந்திருந்தன.

அந்தக் கைகளில் வலது கை எட்டு வருஷத்துக்கு முன் வெந்தது. காயப்போடும் களத்தில் வெயிலில் கிடந்த சரக்கு ஒன்று தானாகப் பிடித்துக்கொண்டது. உயிர் தப்பியது, கையும் தப்பியது. சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் முழுதாக மடங்குவதில்லை. ஆறியதும் அதே வேலைக்குத் திரும்பிவிட்டார். திரும்ப முடியாமல் போனது சைக்கிளுக்குத்தான்.

தீபாவளி முடிந்தால் அந்தப் பக்கத்துக் கம்பெனிகள் ஒரு மாதம் போல அடைத்துக் கிடக்கும். வருஷம் பூராவும் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி அந்த ஒரு மாதத்தில்தான் போகும். ஜனங்கள் வேன் பிடித்துக் குற்றாலம், பழனி, கொடைக்கானல் என்று கிளம்புவார்கள். ஊர்க்காவலன் வேனில் ஏறமாட்டார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த நாட்களில் தனியாகச் சைக்கிளில் போய்விடுவார். ஒரு வருஷம் திருச்செந்தூர், ஒரு வருஷம் ராமேஸ்வரம். கை வெந்த பிறகு எட்டுத் தீபாவளி போய்விட்டது. அந்த எட்டு வருஷமும் விடுமுறையில் வீட்டுக் கட்டிலில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து கிலோமீட்டர் மிதித்தால் வலது உள்ளங்கை மரத்துப்போகும். பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது.

இந்த வருஷம் அவர் கடைக்கு வந்ததற்குக் காரணம் எங்கள் குழு. ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிள் மிதிக்கிற பன்னிரண்டு பேர் நாங்கள். தலைவர் ஸ்ரீராம்குமார், சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் குடும்பம், முப்பது வயது. தீபாவளி சீசன் முடிந்ததும் நான்கு நாள் பயணமாகக் கன்னியாகுமரி போக ஏற்பாடு. பின்னால் வண்டி வராது. அவரவர் சாமான் அவரவர் சைக்கிளில்.

ஸ்ரீராம்குமார் ஒரு விதி வைத்திருந்தார். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, பதினைந்து கிலோ சுமையோடு விருதுநகரிலிருந்து மல்லாங்கிணறு வழியாகக் காரியாபட்டி போய்த் திரும்ப வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வழியில் சுமையை அடுத்தவரிடம் கொடுத்தால் பயணப் பட்டியலில் பெயர் இல்லை. போன வருஷம் ஒருவருடைய கேரியர் கயத்தாறு பக்கம் கழன்று, அவருடைய மூட்டையைப் பத்துப் பேர் பங்கு போட்டுச் சுமந்ததில் வந்த விதி அது.

"நானும் வரலாமா தம்பி?" என்று ஊர்க்காவலன் கேட்டபோது ஸ்ரீராம்குமார் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்தது தெரியக்கூடாது என்று உடனே தன் சைக்கிளைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஓட்டிட்டு வந்துட்டீகன்னா தாராளமா வாங்கண்ணே. விதி எனக்கும் ஒண்ணுதான், உங்களுக்கும் ஒண்ணுதான்."

நல்லசிவம் அவருக்கு ஒரு பழைய கியர் சைக்கிளைக் கொடுத்தார். இரும்புச் சட்டம், கெட்டியானது. ஊர்க்காவலன் முதலில் வாங்கியது தடித்த ஸ்பாஞ்சு கிரிப். மெத்தை மாதிரி இருந்தால் கை மரக்காது என்று நினைத்தார். எம். புதுப்பட்டி சாலையில் மிதித்துப் பார்த்தார். நாலாவது கிலோமீட்டரிலேயே இரண்டு விரல்களும் மரத்து, இல்லாதவை போல ஆயின. ஸ்பாஞ்சுக்கு மேல் துணி சுற்றினார். அது இன்னும் மோசம்.

மறு வாரம் கடையில் நல்லசிவம் அவரை ஏறி உட்காரச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க சைக்கிள் ஓட்டல. தண்டால் எடுக்கீக."

உண்மைதான். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தது. ஹேண்டில்பார் தாழ்ந்திருந்தது. உடம்பின் பாரம் மொத்தமும் உள்ளங்கையில் இறங்கியது. நல்லசிவம் சீட்டை மட்டமாக்கினார், ஹேண்டில்பாரை நாலு விரல்கடை உயர்த்தினார். ஸ்பாஞ்சைக் கத்தியால் கிழித்து எறிந்துவிட்டு, ஓரத்தில் வாத்தின் பாதம் மாதிரி அகன்றிருக்கும் ரப்பர் கிரிப்பை மாட்டினார். உள்ளங்கையின் வெளி விளிம்பு அதன் மேல் படுத்துக்கொள்ளும். நுனியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கொம்பு இருந்தது, பிடியை மாற்றி மாற்றிப் பிடிக்க.

"மெத்து மெத்துன்னு இருந்தா நரம்பப் போயி அமுக்கும். கை படுக்கிறதுக்கு இடம் வேணும், அம்புட்டுதான். எந்தச் சாய்வுல படுக்குதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். என் கையும் உங்க கையும் ஒண்ணா?"

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சைக்கிளை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, சுமை கட்ட வாங்கிய புதுக் கேரியர் இருந்த அட்டைப்பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் கிளம்பினார். "பெட்டிக்குள்ளயே போல்ட் கெடக்கு, பூட்டிக்கங்க" என்றார் நல்லசிவம்.

அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆனதாம். இதைப் பின்னால் சொன்னது அவருடைய மனைவி சோலையம்மாள். ஊர்க்காவலன் கிரிப்பின் ஆணியைத் தளர்த்தி, அரிசி அளவுக்குத் திருப்பி, சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, ஊருணி வரை மிதித்துத் திரும்பி வருவார். திரும்ப ஓர் அரிசி. எந்தக் கலவையிலும் ஒரே தடவையில் கொட்டிவிடாத மனிதர்.

"சைக்கிளுக்கு மருந்து கலக்குறீகளோ? பாத்து, வெடிச்சிரப் போகுது" என்று சோலையம்மாள் கேட்டிருக்கிறார்.

"வெடிச்சா உன்னயும் சேத்துத்தான் தூக்கிட்டுப் போவும்."

"நான் எதுக்கு? கன்னியாகுமரிக்கா கூட்டிட்டுப் போறீக?"

ஆறாம் நாள் பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்பி, வாசலில் நின்றபடி சுண்டு விரலால் கதவைத் தட்டியிருக்கிறார். விரல் தட்டியது அவருக்கே தெரிந்திருக்கிறது. சோலையம்மாள் வெளியே வந்து எட்டிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாராம். "என்னத்தச் சொல்ல? பேசிருந்தா அழுதுருப்பேன்" என்றார் என்னிடம்.

சோதனை ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரயில் நிலையத்தின் முன் கூடினோம். மிளகாய் மூட்டை அடுக்கிய கிட்டங்கிப் பக்கமிருந்து காற்று வந்து எல்லோரும் மாறி மாறித் தும்மினார்கள். ஸ்ரீராம்குமார் சுமைக்கு அச்சகத்துத் தினசரிக் காலண்டர்களைக் கட்டியிருந்தார். ஊர்க்காவலனின் பக்கப் பைகள் இரண்டிலும் குதிரைவாலி தானியம், பக்கத்துக்கு ஏழரைக் கிலோ.

அவருடைய கேரியரில் போல்ட்டுகள் மஞ்சளாகப் பளபளத்தன. கறுப்புச் சட்டத்தில் அங்கங்கே சாமந்தி மொட்டு வைத்த மாதிரி. பார்க்க நன்றாக இருந்தது. எல்லோரும் அதைத்தான் படம் எடுத்தார்கள். பெட்டியோடு வந்தவை வெள்ளையாக அல்லவா இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அழகாக இருப்பதை ஏன் கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மல்லாங்கிணறு வரை அவர் எனக்கு முன்னால்தான் போனார். மழை பெய்து கரிசல் காடு இரண்டு பக்கமும் பச்சைகட்டியிருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கையைக் கொம்புக்கு மாற்றுவார், திரும்பக் கிரிப்புக்கு. அந்த முதுகு நிமிர்ந்தே இருந்தது.

காரியாபட்டியில் டீ குடித்துத் திரும்பினோம். திரும்புகையில் மல்லாங்கிணற்றுக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை. அவர் மெதுவாகத்தான் ஏறி இறங்கினார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கேரியர் இடது பக்கமாகச் சரிந்து, பை சக்கரத்தில் உரசியது. காலை ஊன்றி நின்றுவிட்டார்.

இடது பக்கத்துக் கீழ் போல்ட்டின் தலை தனியாகக் கழன்று சாலையில் கிடந்தது. ஸ்ரீராம்குமார் அதை எடுத்துப் பார்த்தார்.

"அண்ணே, இது பித்தளை."

"ஆமா தம்பி."

"பெட்டியில எஃகு போல்ட் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு." அவர் கேரியரைத் தொட்டுக் காட்டினார். "சட்டம் இரும்பு, கேரியர் இரும்பு. அதுல இரும்பு போல்ட்டப் போட்டு முறுக்கும்போது கிறீச்சுன்னு ஒரு சத்தம் வந்துச்சு. கை அங்கனயே நின்னுபோச்சு. அப்புறம் சிவகாசியில போயி பித்தளை வாங்கிட்டு வந்து போட்டேன். யோசிக்கவே இல்ல."

யாரோ சிரித்தார்கள். "நல்ல வேளைண்ணே, செயினையும் சணல்ல போடாம விட்டீகளே!"

ஊர்க்காவலனும் சிரித்தார். ஆனால் முகம் வெளுத்திருந்தது. இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் போல இருந்தது. "பையக் குடுங்க, ஆளுக்குப் பாதியா வச்சுக்கிறோம்" என்று ஒருவர் கை நீட்டினார். நல்ல மனசோடுதான். ஊர்க்காவலன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கொடுத்தால் இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். கன்னியாகுமரிக்குப் போக முடியாது.

"நீங்க போங்க தம்பி. நான் ஏதாச்சும் பாத்துட்டு வாறேன்."

ஸ்ரீராம்குமார் போகவில்லை. கைகட்டி நின்றார். உதவவும் இல்லை.

உடைந்த போல்ட்டின் உடல் சட்டத்தின் துளைக்குள்ளேயே இருந்தது. ஊர்க்காவலன் பக்கத்துப் பஞ்சர் கடையில் ஓர் ஆக்சா பிளேடும் திருப்புளியும் இரவல் வாங்கி வந்தார். பைகளை இறக்கி வைத்து, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின்சக்கரத்தைக் கழற்றினார். போல்ட் தேவைக்கு மேல் நீளம், அதன் வால் உட்புறம் துருத்திக்கொண்டிருந்தது. அந்த வாலின் முகத்தில் பிளேடால் ஒரு கோடு அறுத்தார். பித்தளை வெல்லம் மாதிரி இறங்கியது.

"எஃகா இருந்தா சாயங்காலம் வரைக்கும் அறுக்கணும்" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"எஃகா இருந்தா ஒடஞ்சிருக்காதே அண்ணே" என்றார் ஊர்க்காவலன். இம்முறை எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

கோட்டில் திருப்புளியை வைத்துத் திருகினார். துண்டு மறுபக்கமாக வெளியே வந்து விழுந்தது. சரி, புது போல்ட்டுக்கு எங்கே போவது? பஞ்சர் கடையில் அந்த அளவு இல்லை. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் சைக்கிளையே முன்னிருந்து பின்னாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கே இறுக்கம் மிச்சமிருக்கிறது என்று தேடுவது போல. தண்ணீர்ப் பாட்டில் கூட்டில் கண் நின்றது. அதைப் பிடித்திருந்தவை இரண்டு போல்ட்டுகள், நல்லசிவம் பூட்டிய எஃகு. கழற்றி அளவு பார்த்தார். அதே தடிமன்.

முதல் போல்ட்டைத் துளையில் வைத்து முறுக்கினார். பாதியில் இரும்பு இரும்பைக் கவ்வி, அந்தச் சத்தம் வந்தது. கை நின்றது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சுற்றிலும் ஈரக் காடு, மேலே மேகம், பத்தடியில் ஓர் ஆடு. பற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. அதை அவருடைய கைக்குச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு முறுக்கினார். முழு மூச்சாக, இன்னும் முறுக்க முடியாத வரை. வலது பக்கத்துக் கீழ் போல்ட்டையும் கழற்றி எறிந்துவிட்டு இரண்டாவதைப் போட்டார். சக்கரத்தை மாட்டி, சைக்கிளை நிமிர்த்தி, பைகளை ஏற்றி, கேரியரைப் பிடித்துச் சைக்கிளையே உலுக்கிப் பார்த்தார். பாட்டிலை மட்டும் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"போவமா தம்பி?"

விருதுநகர் வரை எதிர்க்காற்று. ரயில் நிலையத்தின் முன் இறங்கியதும் ஸ்ரீராம்குமார் தன் செல்போனைத் திறந்து, பட்டியலில் பதின்மூன்றாவதாக ஒரு பெயரைத் தட்டினார். எழுத்துக்கூட்டிக் கேட்டுத் தட்டினார்.

"வெள்ளிக்கிழமை காலைல அஞ்சு மணி. அதுக்குள்ள மேல இருக்கிற ரெண்டு பித்தளையையும் மாத்திருங்கண்ணே. நல்லசிவம் கடையில நானே நிப்பேன்."

"சரி தம்பி."

ஊர்க்காவலன் கொஞ்சம் தள்ளிப் போய் வீட்டுக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"சோலை, பேரு சேத்துட்டாக."

"கை எப்படி இருக்கு?" என்றார் சோலையம்மாள்.

அவர் வலது கையை முகத்துக்கு நேரே உயர்த்தி, ஒவ்வொரு விரலாக அசைத்துப் பார்த்தார். "மரக்கல, வலிக்கிது" என்றார், அப்படியொரு சந்தோஷமாக.