வீட்டில் எத்தனை பேர்

மெரிலேண்ட்ஸில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாடகை ஏஜென்ட் வீட்டைப் பார்க்க வருவான். ஒப்பந்தத்தில் இரண்டு பேரின் பெயர்தான் இருந்தது. வீட்டில் ஆறு பேர் இருந்தோம். அவன் வருகிற அன்று காலையில் நான்கு மெத்தைகளைச் சுருட்டி எங்கள் வான் வண்டியில் ஏற்றுவோம். நான்கு பேரின் செருப்பு, பிரஷ், சவரச் சாமான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, வானை அடுத்த தெருவில் கொண்டுபோய் விடுவோம். அந்த நான்கு பேரும் ஹரிஸ் பார்க்கில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள். ஏஜென்ட் போனதும் போன் அடித்துக் கூப்பிடுவோம். எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் இரண்டு. மூன்று வருடத்தில் அந்தப் பதில் எனக்கு யோசிக்காமலே வரப் பழகிவிட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண் இருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். அவரைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் அவரை அன்ரி என்றார்கள். எங்களுக்கும் அது பழகிய சொல்தான், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவருடன் நான்கு வயதுப் பேத்தி இருந்தாள். பேத்தியின் தாய், அதாவது அன்ரியின் மகள், போதையிலிருந்து மீள்வதற்கான ஒரு நிலையத்தில் இருந்தாள். பிள்ளையை அன்ரியிடம் தற்காலிகமாகத்தான் விட்டிருந்தார்கள். நிரந்தரமாக விடுவதா இல்லையா என்று பிள்ளைகளுக்குப் பொறுப்பான அரசாங்கத் திணைக்களம் யோசித்துக்கொண்டிருந்தது.

நான் அப்போது கோழித் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை போனால் இரண்டு மணிக்கு வந்துவிடுவேன். வந்து பொதுப் படிக்கட்டில் இருப்பேன். வீட்டுக்குள் எப்போதும் யாராவது படுத்திருப்பார்கள். அன்ரியும் சிகரெட்டுக்காக அங்கே வந்து இருப்பார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் ஆங்கிலம் வேலைக்குப் போதும், அவ்வளவுதான். அவர் சொன்னதெல்லாம் இப்போது எங்கள் தமிழாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

அவரை மூன்று வயதில் அரசாங்க ஆட்கள் தாயிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் பூர்வகுடிப் பிள்ளைகள் பலருக்கு அப்படித்தான் நடந்தது. அவரையும் அக்காவையும் ஒரே காரில் ஏற்றி, இரண்டு வேறு இடங்களில் இறக்கினார்கள். அவர் வளர்ந்தது பெண் பிள்ளைகளுக்கான ஒரு விடுதியில். தாய் செத்துப்போய்விட்டதாகச் சொன்னார்கள். தாய் அதற்குப் பிறகும் பல வருடம் உயிரோடு இருந்திருக்கிறார். அதை அன்ரி தெரிந்துகொண்டபோது தாய் உண்மையாகவே இறந்துவிட்டார். அக்காவைக் கண்டுபிடித்தது ஐம்பது வயதில்.

“அங்கை காய்ச்சல் வந்தா தனி அறையிலை விட்டுக் கதவைச் சாத்துவினம். மாறினாப் பிறகுதான் திறப்பினம்,” என்றார் ஒருநாள். “என்ரை மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் நான் அப்பிடித்தான் செய்தனான். அதுதான் முறை எண்டு நினைச்சன். பக்கத்திலை இருக்கவேணும் எண்டு எனக்கு ஒருத்தரும் காட்டேல்லை, தம்பி.”

நானும் அகதி முகாம்களில் கிடந்தவன். எனக்கு ஒருவர் ஆறுதல் சொன்னால் எரிச்சல் வரும். அதனால் மற்றவர்களுக்கும் சொல்வதில்லை.

சனிக்கிழமைகளில் அந்த வீடு நிரம்பிவிடும். அக்கா வருவார், அக்காவின் பிள்ளைகள், ஒன்றுவிட்ட சகோதரர்கள், அவர்களுடைய பிள்ளைகள். இரவு தங்கி நிலத்தில் மெத்தை போட்டுப் படுப்பார்கள். படிக்கட்டு முழுக்கச் சப்பாத்து.

“அண்ணை, எங்களை விட அங்கை ஆக்கள் கூட,” என்றான் எங்கள் வீட்டில் சமைக்கிறவன். “அன்ரிக்கு எங்கட வானை வாடகைக்கு விடுவமோ?”

அந்தக் குளிர்காலத்தில் அன்ரி குசினியில் மயங்கி விழுந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அக்கா வந்து நின்று பிள்ளையைப் பார்த்தார். அன்ரி விழுந்தது திணைக்களத்துக்கும் தெரிந்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, கழுத்தில் அட்டை தொங்க, கையில் பைலோடு ஒரு பெண் படியேறி வந்தாள். அன்ரி வீட்டில் இல்லை. நான் படியில் இருந்தேன். பக்கத்து வீட்டை எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

“அவரும் பிள்ளையும் மட்டும்.”

“உறவினர்கள் வந்து போவதுண்டா? தங்குவதுண்டா?”

“இல்லை. ஒருவரும் வருவதில்லை. நல்ல அமைதியான வீடு.”

அவள் எழுதிக்கொண்டாள். நன்றி சொல்லிப் போனாள். எனக்கு ஒரு உதவி செய்த திருப்தி. அன்று சோறு சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். “நல்ல காலம் நீங்கள் நிண்டனீங்கள்,” என்றான் சமைக்கிறவன்.

இரண்டு கிழமையில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. நான் வேலையால் வந்தபோது பிள்ளையைக் கொண்டுபோயிருந்தார்கள். அன்ரி படியில் ஒரு கடிதத்தோடு இருந்தார். அழவில்லை. வயது, நெஞ்சு வருத்தம், திரும்பவும் விழுந்தால் பிள்ளையைப் பார்க்க யாரும் இல்லை என்று அதில் இருந்தது. குடும்பம் ஒவ்வொரு கிழமையும் வருகிறது என்று அவர் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. யாரும் வருவதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்.

“நீயா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“ஏன்?”

மெத்தைகளைப் பற்றிச் சொன்னேன். ஏஜென்டைப் பற்றி, வானைப் பற்றி. ஆட்கள் கூட இருந்தால் பிழை என்றுதான் எனக்குத் தெரியும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆக்கள் இருக்கினம் எண்டு காட்டத்தான் நான் அவ்வளவு பேரையும் தேடிப் பிடிச்சனான்,” என்றார். “போய் மாத்திச் சொல்லு.”

வீட்டில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. என் விசா வழக்கு அப்போது நீதிமன்றத்தில் இருந்தது.

“ஒபிசரிட்டைப் பொய் சொன்னனான் எண்டு நீங்களே எழுதிக் குடுக்கப்போறியளோ? உங்களுக்கு விசரே?” என்றான் ஒருவன். “ஏன் சொன்னனீங்கள் எண்டு கேட்டா? ஆறு பேர் இருக்கிறம் எண்டு சொல்லுவியளோ? எங்களையும் ரோட்டிலை விடப்போறியள்.”

அவன் சொன்னதில் பிழையில்லை. ஒன்பது நாள் நான் போகவில்லை. அந்த ஒன்பது நாளும் அன்ரி வழமைபோலப் படிக்கட்டில் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். திரும்பக் கேட்கவில்லை. ஏசினால் நான் எழும்பிப் போயிருப்பேன். பத்தாம் நாள் லீவு போட்டுவிட்டு பரமட்டாவில் இருந்த திணைக்கள அலுவலகத்துக்குப் போனேன்.

அதே பெண்தான் இருந்தாள். சனிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். அக்கா ஆஸ்பத்திரி நாட்களில் நின்றதைச் சொன்னேன். முதலில் ஏன் வேறு மாதிரிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் ஆறு பேர் என்றேன். அவள் பேனையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு அதையும் எழுதினாள். நான் கையெழுத்து வைத்தேன். அதனால் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் வரவில்லை, கேட்கவில்லை.

பிள்ளை திரும்பி வர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அக்காவும் உறவினர்களும் ஒவ்வொருவராகப் போய் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. அதில் ஒன்பது நாள் நான் வைத்த தாமதம். மிச்சத்தையும் தொடக்கிவைத்தது நான்தான்.

வந்த பிள்ளை கொழுத்திருந்தாள். நல்ல சப்பாத்து. அங்கே அவளை நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் அன்ரியிடம் ஒரே கேள்வி கேட்டாள். “நாளைக்கு எனக்கு எந்த வீடு?” இந்த வீடுதான் என்பார் அன்ரி. சரி என்பாள். அடுத்த நாள் திரும்பக் கேட்பாள். சுவர் மெல்லியது, எங்கள் பக்கம் கேட்கும். சமைக்கிறவன் அந்த நேரம் டிவிச் சத்தத்தைக் கூட்டிவைப்பான்.

அடுத்த வருடம் மெல்பேர்னில் டார்னெய்ட் பக்கம் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. ஒரு இடத்தில் மூன்று வருடத்துக்கு மேல் எனக்கு இருக்க முடியாது. காரணம் கேட்டால் தெரியாது. அன்ரியிடம் சொன்னேன்.

“என்னட்டைச் சொன்னது காணாது,” என்றார். “அவளிட்டையும் சொல்லிப்போட்டுப் போ. சொல்லாமல் காணாமல் போகக்கூடாது.”

பிள்ளை நிலத்தில் இருந்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் வேறு ஊருக்குப் போகிறேன் என்று அவளுக்குச் சொன்னேன்.

“உங்களை ஆர் கொண்டுபோகினம்?” என்றாள்.

“ஒருத்தரும் இல்லை. நானாத்தான் போறன்.”

அவள் நிறப் பென்சிலை வைத்துவிட்டு எழும்பினாள். ஜன்னல் பக்கம் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, ரோட்டில் கார் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தாள். நிற்கவில்லை. இறங்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.