காப்புக் கட்டிய காத்தாடி

சேதி வந்தபோது ஹட்டனில் ஒரு சலூன் நாற்காலியில் இருந்தேன். ஒரு கன்னம் வழித்து முடிந்திருந்தது. மறு கன்னம் நுரைக்குள். "புஷ்பராணி அக்கா காலையில போயிட்டாங்களாம்" என்றார் சலூன்காரர், கண்ணாடியைப் பார்த்தபடி. தொண்டையில் கத்தி இருந்தது. எழவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மனிதர் கத்தியை எடுக்காமலேயே ராணிக்கு என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, ஏன் கல்யாணம் கூடிவரவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

ராணியும் நானும் ஒரே வகுப்பு. உயிரோடு இருந்தவரை வா, போ என்றுதான் பேசினேன். இப்போது 'அவர்' என்று எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பார். சிரிக்கட்டும். கொழும்புப் பக்கம் ஒரு சிறிய விமானக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வேலை போனதற்கு ஊரில் பல கதைகள் உலவுகின்றன. கூட இருந்து பார்த்தவன் நான்.

அவர் லீவில் வந்திருந்த சமயம். கம்பெனியின் இரண்டு பேர் உட்காரும் விமானம் மூடுபனியில் மாட்டி, கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் இறங்கிவிட்டது. பைலட் தப்பித்துக்கொண்டார். சாவியைத் திருப்பியும் இன்ஜின் நிற்கவில்லை, பெட்ரோலை அடைத்துத்தான் நிறுத்தினேன் என்று ராணிக்குப் போனில் சொல்லிவிட்டு, சாமான் கொண்டுவரக் கொழும்புக்குப் போய்விட்டார். அதுவரை விமானம் ராணியின் பொறுப்பு. என்னிடம் ஒரு பழைய வேன் இருந்தது. அதனால் நானும் பொறுப்பு.

மைதானத்துக்குப் போனதும் ராணி சக்கரங்களுக்குக் கல் வைத்தார். "சாவியிலருந்து இன்ஜின அணைக்கப் போற வயர் எங்கயோ அறுந்திருக்குப்பா. சாவி என் பையில இருந்தாலும் ஒண்ணுதான், கெணத்துல கெடந்தாலும் ஒண்ணுதான்" என்றார். யாராவது விமானத்தின் மூக்கிலுள்ள காத்தாடியைக் கையால் சுழற்றினால், மிச்சமிருக்கும் பெட்ரோலுக்கே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சுழற்றியவரின் கை போகும், அல்லது தலை. பிள்ளைகள் ஏறாமல் இருக்க என்னை உள்ளே உட்காரவைத்தார். "நீ இருந்தா வேற யாருக்கும் எடமிருக்காது." நானும் பெருமையாக பெல்ட்டை மாட்டினேன். அதைக் கழற்றத் தெரியவில்லை.

அன்று பார்த்து மைதானத்தை ஒட்டிய மாரியம்மன் கோயிலில் திருவிழா ஆரம்பம். கோயில் வாசலில் விமானம் வந்து நின்றால் தோட்டம் சும்மா இருக்குமா? மேளத்தோடு வந்துவிட்டார்கள். முன்னால் தோட்டத் தலைவர், தட்டில் தேங்காயும் சந்தனமும். பூஜை போட்டதும் ஃபேக்டரி மெஷினுக்கு முதல் சுற்றுச் சுற்றிவிடுவது அவருடைய உரிமை.

"ஒரே ஒரு சுத்து தாயி. ஆத்தா வாசலுக்கு வந்தத சும்மா விடலாமா?"

ராணி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். சாவியில்லாமல் எந்த வண்டி ஓடும் என்று கேட்டுச் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "நாங்க தொட்டா தேஞ்சிபோயிருமோ?" என்றது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மாட்டேன் என்றால் இனி அது அவமானம். சரி என்றால் தலைவரின் தலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தலைவரின் கை காத்தாடியை நோக்கி நீண்டது.

"தலைவரே, இன்னைக்குக் காப்புக் கட்டுற நாளுதானே. மொதல்ல இதுக்கும் கட்டிருவோம்" என்றார் ராணி.

கை நின்றது. பூசாரியிடம் மஞ்சள் தடவிய கயிறு வாங்கினார் ராணி. எல்லாரையும் பின்னுக்குப் போகச் சொல்லி, எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, காத்தாடியின் பிளேடு ஒரு மயிரிழையும் அசையாமல், சாக்குத்துணி சுற்றி, முன் சக்கரத்தின் காலோடு இறுக்கிக் கட்டினார். காப்புக் கட்டியதை யாரும் தொடமாட்டார்கள். தலைவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். பிறகுதான் ராணி வந்து என் பெல்ட்டை ஒரே தட்டில் கழற்றினார்.

மறுநாள் பைலட் சாமானோடு வந்தார். வயரைச் சரிசெய்தாயிற்று, பனியும் விலகிற்று. பைலட் கயிற்றை அறுக்கக் கத்தி எடுத்தார். ராணி தடுத்தார். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டக் கூடாது. தலைவர் தூரத்தில் நின்றார். கம்பெனிக்காரர்கள் போனில் கத்தினார்கள். விமானம் இன்றே வராவிட்டால் நீயும் வரவேண்டாம் என்றார்கள்.

ஆபத்துதான் போய்விட்டதே, இனி அது வெறும் கயிறு என்று நானே அவர் காதில் ஓதினேன்.

"அந்தக் கயித்தப் பாத்துத்தான் அந்த மனுசன் கைய எடுத்தாரு. இப்ப வெறும் கயிறுன்னு சொன்னா, நேத்து அவர ஏமாத்துனேன்னு ஆயிரும். வேலைய எடுத்துக்கட்டும்ப்பா."

எடுத்துக்கொண்டார்கள். திருவிழா முடியும்வரை ராணி அங்கேயே, தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக் காம்பரா அறையில் தங்கினார். கடைசி நாள் தன் கையாலேயே காப்பை அவிழ்த்துவிட்டுத்தான் மலையிறங்கினார். அதற்குப் பிறகு வேறெந்த விமானக் கம்பெனியும் அவரைக் கூப்பிடவில்லை. மரக்கறித் தோட்டங்களுக்குத் தண்ணீர் பம்பு பார்த்தே காலத்தை ஓட்டினார். அதைப் பற்றி ஒருநாளும் குறைபட்டுக்கொள்ளவில்லை. நான்தான் ஊரெல்லாம் குறைபட்டேன்.

அந்தத் திருவிழாவில் கறி இல்லாமல், குளிரில் பல் கிட்டிப்போய், இரண்டாம் நாளே வேனைக் கிளப்பினேன். "போறதுன்னா போப்பா. ஒன் கையில நான் கட்டல" என்றார் ராணி.

போகவில்லை. கடைசி நாள்வரை நானும் அங்கேயே நின்றேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். யாரும் கட்டாமல் நான் நின்ற இடம் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.